ஆர்பிஜி நடத்த எந்த மென்பொருள்? புதிய கேம் மாஸ்டர்களுக்கான வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (ஆர்பிஜி) என்பது கேம் மாஸ்டர் (ஜிஎம்) ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது. அதை முதல்முறை ஆன்லைனில் நடத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் மேப் மென்பொருளில்தான் தேடலை ஆரம்பிக்கிறார்கள். நிழல் விழும் சுரங்கம், தானே திறக்கும் கதவு, திரையில் உருளும் முப்பரிமாணப் பகடை என்று வீடியோவில் பார்த்தது மனதில் நிற்கும். ஆனால் மேப் சுமாராக இருந்ததால் ஒரு கேம்பெயின், அதாவது பல நாள் தொடரும் கதை, பாதியில் நின்றது என்பது அரிது. நேரம் ஒத்துவராமல் நிற்கும். ஒருவருடைய பழைய லேப்டாப்பில் பக்கம் திறக்காமல் நிற்கும். போன மாதம் அந்த வணிகரிடம் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவில்லாமல் தொய்ந்து நிற்கும். எனவே இங்கே மேப்புக்கு முன் மற்ற வேலைகளை முடித்துவிடுவோம்.

முதலில் நான்கு வரி

எதையும் பதிவிறக்கும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

1. எந்த கேம் ஆடப் போகிறீர்கள்? எந்தப் பதிப்பு?
2. எத்தனை பேர், எந்தெந்த ஊரில்?
3. குழுவில் இருப்பதிலேயே பலவீனமான கருவி யாருடையது? போன் மட்டும் வைத்திருப்பவர் யாராவது உண்டா?
4. ஒரே நாளில் முடியும் ஒன்ஷாட்டா, மாதக்கணக்கில் ஓடும் கேம்பெயினா?

இவற்றில் மூன்றாவது கேள்விதான் மற்றதையெல்லாம் முடிவு செய்யும். ஐந்து பேரில் நான்கு பேரிடம் கேமிங் லேப்டாப் இருந்து, ஒருவரிடம் மட்டும் போன் இருந்தால், அந்தப் போனில் ஓடுவதைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அவர் முதல் இரண்டு செஷனுக்கு (ஒரு நாள் ஆட்டம் ஒரு செஷன்) மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருவார், மூன்றாவதற்கு வரமாட்டார்.

முதல் கேள்வியும் சாதாரணமானதல்ல. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் கட்டம் வைத்து ஆடும் சண்டையும் இடத்தைக் கணக்கில் எடுப்பவை. யார் யாருக்கு ஐந்தடி தூரத்தில் நிற்கிறார்கள் என்பது சண்டையின் முடிவை மாற்றும். அங்கே மேப் வேண்டும். கால் ஆஃப் கதுலுவில் ஒரு விசாரணை நடத்தும்போது ஒரு பழைய வீட்டின் தரைப்படமும் நாலு புகைப்படங்களும் போதும். பிளேட்ஸ் இன் தி டார்க், ஃபேட் போன்றவற்றுக்கு எல்லோரும் சேர்ந்து எழுதக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும். கட்டமில்லாத கேமுக்குக் கட்டம் போட்ட மென்பொருளைக் கொண்டுவந்தால், ஆட்டக்காரர்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு டோக்கனை (மேப்பில் கதாபாத்திரத்தைக் குறிக்கும் சிறு படத்தை) நகர்த்த ஆரம்பித்துவிடுவார்கள்.

குரல்

ஆன்லைன் ஆட்டத்தில் முக்கால்வாசி பேச்சு. இதற்கு டிஸ்கார்ட் இலவசம், நேர வரம்பு கிடையாது, போனிலும் ஓடும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். மூன்று மணி நேரம் ஓடும் செஷனில், சண்டையின் நடுவே எல்லோரும் வெளியேறித் திரும்ப வருவது ஆட்டத்தின் சூட்டைத் தணித்துவிடும்.

டிஸ்கார்டில் ஒரு சர்வர் ஆரம்பித்து, இவ்வளவு மட்டும் வையுங்கள்: ஒரு குரல் சேனல், தேதி பேச ஒரு எழுத்துச் சேனல், செஷன் சுருக்கங்களுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று. பதினைந்து சேனல் திறந்தால் பத்து காலியாகவே கிடக்கும், தேவையான செய்தி எங்கே போனதென்று தேட வேண்டிவரும்.

எதிரொலி வந்தால் ஹெட்செட் போடாமல் ஸ்பீக்கரில் கேட்பவரைத் தேடுங்கள். பெரும்பாலும் அவர்தான் காரணம். மேப் மென்பொருளிலும் குரல் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் ஒரே குரல் அரை நொடி இடைவெளியில் இருமுறை கேட்கும். பின்னணி இசை வேண்டுமென்றால் டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்து நிமிடம் ஓடும் சூழல் ஒலிகள் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை டிஸ்கார்ட் குரல் சேனலுக்குள் அனுப்ப கென்கு எஃப்எம் என்ற செயலி உண்டு. முதல் செஷனில் இதைத் தொட வேண்டாம்.

தேதி

ஒரே ஊர்க்காரர்கள் என்றால் டிஸ்கார்ட் வாக்கெடுப்பே போதும். ஊர் ஊராகப் பிரிந்திருந்தால் வென்டுமீட் போன்ற தளத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஓய்வான நேரத்தை வண்ணமிட, பொதுவான மணி தெரிந்துவிடும்.

தமிழ்க் குழுக்களில் பாதிப் பேர் சென்னையிலும் மீதிப் பேர் லண்டன், டொராண்டோ, சிங்கப்பூரிலும் இருப்பது வழக்கம். சனிக்கிழமை இந்திய நேரம் இரவு 8:30 என்று வைத்தால், கோடையில் லண்டனில் மாலை 4 மணி, டொராண்டோவில் காலை 11, சிங்கப்பூரில் இரவு 11. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் மாறாது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறும், கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். இந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் உள்ள வித்தியாசமே மாறிவிடும். மார்ச்சிலும் இதே குழப்பம் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும், அப்போது கனடா முந்திக்கொள்ளும். "வழக்கமான நேரம்" என்று எழுதாதீர்கள். டிஸ்கார்டில் ஈவென்ட் உருவாக்கினால் அவரவர் ஊர் நேரத்தில் அதுவே காட்டும். நாலு மாதத்துக்கான தேதிகளை ஒரே நாளில் பதிவு செய்துவிடுங்கள். "அடுத்தது எப்போது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கும் குழு ஆறாவது செஷனைத் தாண்டுவது கஷ்டம்.

எத்தனை பேர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐவர் குழுவில் மூவர் வந்தால் போதும் என்ற விதி நன்றாக வேலை செய்யும்.

கேரக்டர் ஷீட்டும் பகடையும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களுக்கு டி அண்ட் டி பியாண்ட் தளம்தான் மிக எளிது. புதியவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கேரக்டர் ஷீட், அதாவது கதாபாத்திரத்தின் திறன்களும் எண்களும் உள்ள தாள், தயாராகிவிடும், கூட்டல் கழித்தலைத் தளமே பார்த்துக்கொள்ளும். இலவசக் கணக்கில் ஆறு கேரக்டர் வரை வைத்துக்கொள்ளலாம். பியாண்ட்20 என்ற பிரவுசர் நீட்சியைச் சேர்த்தால், அந்த ஷீட்டில் அழுத்தும் பகடை நேராக ரோல்20 அல்லது ஃபவுண்ட்ரி என்ற மேப் மென்பொருளின் சாட்டில் விழும்.

ஆனால் எங்கே புத்தகம் வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஒரு தளத்தில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் இன்னொரு தளத்துக்குத் தானாக வராது. இரண்டிலும் தனித்தனியாக வாங்க வேண்டிவரும். எனவே மேப் மென்பொருள் எதுவென்று உறுதியாகும் வரை எதையும் வாங்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி என்ற ஆவணமாக கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் சில மாதங்களுக்கு அதுவே தாங்கும். பாத்ஃபைண்டருக்கு ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் விதிகள் அத்தனையும் இலவசம்.

பகடையைக் கையில் உருட்டவே ஆசைப்படுபவர்களைத் தடுக்காதீர்கள். 1டி20 (ஒரு இருபது பக்கப் பகடை) உருட்டி எண்ணைச் சொன்னால் போதும். நம்பிக்கை இல்லாத குழுவை எந்த மென்பொருளாலும் சேர்த்து வைக்க முடியாது.

மேசை: மூன்றில் ஒன்று

மேப், டோக்கன், மறைப்பு (ஆட்டக்காரர்கள் இன்னும் பார்க்காத இடத்தை மூடி வைப்பது) எல்லாம் சேர்ந்த மென்பொருளை விர்ச்சுவல் டேபிள்டாப் என்பார்கள், சுருக்கமாக விடிடி. ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ், மேப்டூல், டேபிள்டாப் சிமுலேட்டர் என்று நிறைய உண்டு. இந்த மூன்றையும் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் கணினியில் நிறுவ வேண்டும், டேபிள்டாப் சிமுலேட்டர் என்றால் ஆளுக்கொரு பிரதி வாங்கவும் வேண்டும். புதிய குழுவுக்குப் பிரவுசரில் இணைப்பை அழுத்தியதும் திறப்பதே நல்லது. அப்படிப்பட்டவற்றில் மூன்றை இங்கே பார்ப்போம்.

அவுல்பேர் ரோடியோ: மேப், டோக்கன், மறைப்பு, தூரம் அளக்கும் கோல், இவ்வளவுதான் அடிப்படை. ஜிஎம்முக்கு மட்டும் கணக்கு இருந்தால் போதும். ஆட்டக்காரர்கள் இணைப்பை அழுத்திப் பெயர் கொடுத்து உள்ளே வரலாம். போனிலும் நன்றாக ஓடும். கேரக்டர் ஷீட் கிடையாது, அதை டி அண்ட் டி பியாண்டிலோ காகிதத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். இலவசக் கணக்கில் சேமிப்பிடம் குறைவு, பழைய மேப்களை அவ்வப்போது நீக்க வேண்டும். முதல்முறை ஜிஎம் ஆகிறவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு, மிச்ச நேரத்தைக் கதைக்குச் செலவிடலாம்.

ரோல்20: 2012இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் திரட்டித் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கேம்களுக்குக் கேரக்டர் ஷீட்கள் தயாராக இருக்கின்றன, பகடையும் விதிக் குறிப்பும் உள்ளேயே உண்டு. கையால் மூடித் திறக்கும் மறைப்பு இலவசம். சுவருக்குப் பின்னால் இருப்பது தானாக மறையும் டைனமிக் லைட்டிங்குக்கு ஜிஎம் சந்தா கட்ட வேண்டும். அவர் கட்டினால் அவர் உருவாக்கிய கேமில் எல்லோருக்கும் அது வேலை செய்யும். இதன் குறை, உங்கள் உழைப்பு அங்கேயே தங்கிவிடுவது. கட்டிய கேமை மொத்தமாக எடுத்து வேறு விடிடிக்குக் கொண்டுபோக எளிய வழி இல்லை.

ரோல்20இல் புதியவர்கள் சிக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றே. மேப் படத்தை டோக்கன் அடுக்கில் போட்டுவிட்டால், டோக்கனைப் பிடித்து இழுக்கும்போது மேப்பே நகர்ந்துவரும். படத்தை வலது கிளிக் செய்து மேப் அடுக்குக்கு மாற்றுங்கள். டோக்கன் அசைய மறுத்தால், அதைக் கேரக்டர் ஷீட்டுடன் இணைக்கவில்லை, அல்லது ஷீட்டை யார் கட்டுப்படுத்தலாம் என்ற இடத்தில் ஆட்டக்காரர் பெயரைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் புதிய பக்கத்தில் இருக்க, ஆட்டக்காரர்கள் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், பக்கப் பட்டியலில் இருக்கும் பிளேயர்ஸ் ரிப்பனை இழுத்துப் புதிய பக்கத்தில் போட வேண்டும். விளம்பரத் தடுப்பு நீட்சி இருந்தால் இந்தத் தளத்துக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள், பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஃபவுண்ட்ரி: 2020இல் வெளியானது. ஒருமுறை 50 டாலரும் வரியும் கட்டினால் உங்களுடையது, சந்தா இல்லை. ஜிஎம் மட்டும் வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் வருவார்கள். பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பை இதில் ஆடுவது தனி சுகம். விதிகளும் அசுரர்களும் மந்திரங்களும் இலவசமாகவே உள்ளே வந்துவிடும், பயம் போன்ற நிலைகளால் வரும் கூட்டல் கழித்தல் தானாக நடக்கும். இதற்கெல்லாம் நீங்கள் கொடுக்கும் விலை கற்றுக்கொள்ளும் நேரம்தான்: முதல் சண்டைக்கு முன் குறைந்தது இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள். போன், டேப்லெட்டுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு கிடையாது. எனவே நான்கு வரித் தாளில் போன் மட்டும் என்று ஒருவர் இருந்தால் ஃபவுண்ட்ரி வேண்டாம்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாதச் சந்தாக்களில் தானாகப் புதுப்பிப்பது சில கார்டுகளில் தவறிப்போகும். அதனால் ரோல்20 சந்தாவின் முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஃபவுண்ட்ரியை வீட்டிலிருந்து இயக்குவது

ஃபவுண்ட்ரி வாங்கியவர்களில் பலர் முதல் நாளே முட்டி நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மென்பொருள் உங்கள் கணினியிலேயே ஒரு சர்வராக ஓடும். மற்றவர்கள் உங்கள் வீட்டு இணைப்பு வழியாக 30000 என்ற போர்ட்டை (கணினியின் எண்ணிட்ட நுழைவாயிலை) தேடி வருவார்கள்.

1. ஃபவுண்ட்ரியை இயக்கி ஒரு வேர்ல்ட் (ஒரு கேம்பெயினுக்கான இடம்) திறந்து, செட்டிங்ஸ் பகுதியில் இன்விடேஷன் லிங்க்ஸைப் பாருங்கள். இரண்டு முகவரி இருக்கும். 192.168 என்று தொடங்குவது வீட்டு வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டும். வெளியூர் நண்பருக்கு அதை அனுப்பினால் அவருக்குத் திறக்கவே திறக்காது. இணைய முகவரியைத்தான் அனுப்ப வேண்டும்.
2. விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது அனுமதி கொடுங்கள்.
3. ரவுட்டர் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் போய் 30000ஐ உங்கள் கணினிக்குத் திருப்புங்கள்.
4. போன் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். உள்நுழைவுப் பக்கம் வந்தால் வேலை முடிந்தது.

நான்காவது படியில் வரவில்லை என்றால், ரவுட்டர் பக்கத்தில் வேன் ஐபி என்று காட்டும் எண்ணையும், இணையத்தில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். இந்நிலையில் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பலன் இல்லை, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். மூன்று வழி இருக்கிறது. நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்குத் தனி நிலையான ஐபி கேட்கலாம். டெயில்ஸ்கேல் மாதிரியான தனி வலையமைப்பை எல்லோர் கணினியிலும் நிறுவலாம். அல்லது தி ஃபோர்ஜ், மோல்டன் போன்ற வாடகை சர்வரில் ஃபவுண்ட்ரியை வைக்கலாம். தொழில்நுட்பத்தில் ஆர்வமில்லாத ஆட்டக்காரர்கள் இருக்கும் குழுவுக்கு மூன்றாவதே நிம்மதி.

உள்ளே வந்த பிறகும் இரண்டு சங்கதி எல்லோரையும் குழப்பும். ஆட்டக்காரர் திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால், அந்தக் காட்சியில் அவருக்குச் சொந்தமான, பார்வை இயக்கப்பட்ட டோக்கன் இல்லை. ஆக்டரின், அதாவது அவருடைய கதாபாத்திரத்தின், உரிமையை ஓனர் என்று மாற்றி, டோக்கன் அமைப்பில் விஷனை இயக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தும் யாராலும் டோக்கனை நகர்த்த முடியவில்லை என்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். வேர்ல்ட் திறக்கும்போது ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டே இருக்கும்.

மாட்யூல்களை (கூடுதல் வசதி தரும் இணைப்புகளை) ஒரேயடியாக முப்பது நிறுவும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் மாதம் ஐந்துக்குள் நிறுத்துங்கள். ஏதோ ஒன்று ஆட்டத்தைக் கெடுத்தால் ஃபைண்ட் த கல்ப்ரிட் என்ற மாட்யூல் பாதிப் பாதியாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தரும். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் அழுத்தாதீர்கள், முக்கியமாக ஆட்ட நாளன்று. உங்கள் கேம் சிஸ்டமும் மாட்யூல்களும் அந்தப் பதிப்புக்குத் தயாராகிவிட்டனவா என்று பார்த்து, சர்வரை மூடி, டேட்டா ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே மேம்படுத்துங்கள். அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரித் தானாக ஒத்திசையும் இடத்தில் வைக்கவே கூடாது. சர்வர் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை ஒத்திசைவு பாதியில் பிடித்தால் தரவு கெட்டுப்போகும்.

மேப் படத்தின் கணக்கு

மேப் கட்டத்தில் உட்காராமல் வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். ரோல்20 ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல் எடுக்கும். ஃபவுண்ட்ரியின் இயல்பு அளவு 100. 30 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம் உள்ள மேப் என்றால் ரோல்20க்கு 2100க்கு 1400 பிக்சல், ஃபவுண்ட்ரிக்கு 3000க்கு 2000. பதிவிறக்கும் மேப்களின் கோப்புப் பெயரில் 30x20 என்பதுபோல் கட்ட எண்ணிக்கை இருக்கும், அதை அழிக்காதீர்கள். எண்ணிக்கை தெரியாத படத்துக்கு ரோல்20இல் அலைன் டு கிரிட் வசதி உண்டு. படத்தில் மூன்றுக்கு மூன்று கட்டத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால் மீதியை அதுவே கணக்கிடும். பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்து வரையுங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு பிக்சல் பிசகினால் முப்பதாவது கட்டத்தில் ஏறக்குறைய ஒரு கட்டமே தள்ளிப்போகும்.

கோப்பின் எடையும் முக்கியம். 8 எம்பி பிஎன்ஜி மேப்பை வீட்டு சர்வரிலிருந்து ஐந்து பேர் இறக்கினால் மொத்தம் 40 எம்பி. உங்கள் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 32 நொடி ஆகும், அதுவரை எல்லோரும் காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே படத்தை வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் 1.5 எம்பி அளவுக்கு வந்துவிடும், ஆறு நொடியில் வேலை முடியும். ஆனால் திறந்த பிறகு படம் கிராபிக்ஸ் நினைவகத்தில் பிடிக்கும் இடம் கோப்பின் எடையைப் பொறுத்ததல்ல, பிக்சலைப் பொறுத்தது. ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம், 8192க்கு 8192 மேப் சுமார் 256 எம்பி எடுக்கும். பழைய லேப்டாப்பில் பிரவுசர் செத்துவிழுவது இதனால்தான். நீளமான பக்கம் 4096 பிக்சலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கோட்டை என்றால் மாடிக்கு ஒரு காட்சியாகப் பிரியுங்கள். ஒருவருக்கு மட்டும் மேப் திக்கித் திணறினால், அவர் பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்தமாக வரைய டன்ஜன் ஸ்கிரால் பிரவுசரிலேயே ஓடும், கறுப்பு வெள்ளைச் சுரங்கம் பத்து நிமிடத்தில் தயார். வண்ண மேப்புக்கு இன்கார்னேட், டன்ஜன்டிராஃப்ட்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆட்டக்காரர்கள் அதைப் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "துரோகி-மந்திரி" என்ற பெயரில் ஏற்றிய படம் ஆறு மாத ரகசியத்தை ஒரு நொடியில் உடைத்துவிடும். "நபர்-07" என்று வையுங்கள்.

குறிப்புகள்

விடிடிக்குள்ளேயே கதைக் குறிப்பு எழுத வசதி இருக்கிறது. ஆனாலும் முதன்மைப் பிரதியை வெளியே வைப்பது நல்லது. விடிடி மாறலாம், சந்தா நிற்கலாம், கேம்பெயின் உங்களுடையது. அப்சிடியன் செயலி இதற்குப் பொருத்தம். இலவசம், குறிப்புகள் உங்கள் கணினியில் வெறும் எழுத்துக் கோப்புகளாகவே இருக்கும், நாளை அந்தச் செயலி இல்லாமல் போனாலும் எதிலும் திறக்கலாம். ஆட்டக்காரர்களும் சேர்ந்து எழுத வேண்டும் என்றால் கூகுள் டாக்ஸ். உலகத்தையே விக்கிபீடியா மாதிரி விரித்து எழுத விரும்புபவர்களுக்கு கான்கா, வேர்ல்ட் ஆன்வில் என்ற தளங்கள் உண்டு. ஆனால் அவற்றின் காலிப் பெட்டிகள், ஆட்டத்துக்குத் தேவைப்படாத அரச பரம்பரைகளை எழுதத் தூண்டும்.

நான்கு ஃபோல்டர் போதும்: செஷன்கள், நபர்கள், இடங்கள், ரகசியங்கள். செஷன் முடிந்த அன்றிரவே ஒரு பக்கம் எழுதுங்கள். தேதி, வந்தவர்கள், நடந்தது ஐந்து வரியில், கிடைத்த பொருளும் பணமும், கொடுத்த வாக்குறுதிகள், முடியாமல் நிற்கும் முடிச்சுகள். ஒரு மாதிரி:

செஷன் 4. கவிதா வரவில்லை. உப்பளத்துக் கிராமத்தில் கிணறு கறுத்தது ஏன் என்று விசாரித்தார்கள். படகோட்டி மாறனுக்கு அடுத்த அமாவாசைக்குள் மகனை மீட்டுத் தருவதாக வாக்கு. 40 வெள்ளிக்காசு, துருப்பிடித்த சாவி. சாவி எதற்கு என்று இன்னும் கேட்கவில்லை.

கடைசி மூன்று வரிகள்தான் அடுத்த செஷனை உங்களுக்கு எழுதிக்கொடுக்கும். வாக்குறுதியும் கேட்கப்படாத சாவியும் எங்கே என்று தேடாமல் கிடைத்தால் தயாரிப்பு நேரம் பாதியாகக் குறையும். ஆட்டக்காரர்களுக்கான சுருக்கத்தில் ரகசியத்தை வெட்டிவிட்டு மூன்று வரி மட்டும் டிஸ்கார்டில் போடுங்கள். திரையைப் பகிரும்போது முழுத் திரையைப் பகிராமல், அந்த ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள்.

ஒரே அறையில் ஆடினால்

நேரில் ஆடும் குழுவுக்கும் விடிடி உதவும். டிவியை மேசையில் படுக்கவைத்து, லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வயரால் இணைத்து, இரண்டாவது ஜன்னலில் ஆட்டக்காரராக நுழைந்து அதை டிவிக்குத் தள்ளுங்கள். அந்த ஜன்னலை இன்காக்னிட்டோவில் அல்லது வேறு பிரவுசரில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஜன்னலும் ஒரே கணக்காகிவிடும். மினியேச்சர்கள் ஒரு அங்குலக் கட்டத்தில் நிற்க, ஃபுல் எச்டி 43 அங்குல டிவியில் ஒரு கட்டம் 51 பிக்சலாகத் தெரியும்படி ஜூம் செய்யுங்கள். 32 அங்குலத்துக்கு 69. டிவியின் மேல் ஒரு அக்ரிலிக் தகடு போட்டால் திரையில் கீறல் விழாது.

ஒத்திகை

முதல் செஷனுக்கு மூன்று நாள் முன்னால், எல்லோரையும் அரை மணி நேரம் கூப்பிடுங்கள். முந்தைய நாள் என்றால் பிரச்சினையைச் சரிசெய்ய நேரம் இருக்காது. கதை எதுவும் வேண்டாம். 20க்கு 20 கட்டத்தில் ஒரு மேப், ஒரு கதவு, ஒரு பூதம்.

1. ஒவ்வொருவரும் ஆட்ட நாளில் பயன்படுத்தப் போகும் அதே கருவியில், அதே இணைப்பில் வரட்டும். அலுவலக லேப்டாப்பில் பல தளங்கள் தடுக்கப்பட்டிருக்கும், அது இன்றே தெரிந்துவிடும்.
2. எல்லோரும் ஒரு வாக்கியம் பேசட்டும். ஒலி அளவு கூடக்குறைய இருந்தால் டிஸ்கார்டில் அவரவர் பெயரை வலது கிளிக் செய்து சரிசெய்யச் சொல்லுங்கள்.
3. ஒவ்வொருவரும் தம் டோக்கனை மூன்று கட்டம் நகர்த்தட்டும்.
4. ஒவ்வொருவரும் தம் ஷீட்டிலிருந்து ஒரு தாக்குதல் பகடை உருட்டட்டும்.
5. கதவைத் திறந்து, பூதத்தைக் காட்டுங்கள். மறைப்பு விலகியதா, பூதத்தின் உண்மையான உயிர்ப்புள்ளி யார் கண்ணிலும் படவில்லையே என்று கேளுங்கள்.
6. ஒருவர் வேண்டுமென்றே பக்கத்தை மூடித் திரும்ப வரட்டும்.

ஏதாவது ஒரு படி ஒருவருக்கு மட்டும் தகராறு செய்தால், மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரோடு தனியாக உட்காருங்கள். ஐந்து பேர் முன்னால் ஒருவருடைய மைக்கைச் சரிபார்ப்பது அவருக்குச் சங்கடம். பதினைந்து நிமிடத்தில் தீரவில்லை என்றால், மென்பொருளை ஒரு படி எளிமையாக்குங்கள்: ஃபவுண்ட்ரியிலிருந்து ரோல்20க்கு, ரோல்20இலிருந்து அவுல்பேருக்கு. அதுவும் ஆகவில்லை என்றால் மேப்பின் படத்தை டிஸ்கார்டில் போட்டுவிட்டு, "நீ தூணுக்குப் பின்னால் நிற்கிறாய், பூதம் பத்தடி தூரத்தில்" என்று வாயால் சொல்லி ஆடுங்கள். தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.